இடமில்லை என்கிறது கணினி

கொட்டாஞ்சேனையிலிருந்து மாணவி ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் முன்னிற்கின்றது. அவருடைய பாட்டியாரின் திருமணப் படம் ஒன்று. ஆறங்குலம் நீளம், நாலங்குலம் அகலம். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்துக்குப் பின்னர் அக்குடும்பத்தாரிடம் எஞ்சிய பழைய படம் அது ஒன்றே. ஈரம்பட்டு, மடிப்பு விழுந்து, பாட்டனாரின் முகத்துக்குக் குறுக்கே வெடிப்பும் ஓடியிருக்கின்றதாம். அதனை வருடியில் இட்டுக் கணினியில் ஏற்றி, போட்டோஷொப் என்னும் மென்பொருளிலே சீர்செய்யத் தொடங்கியிருக்கிறார். அரைமணி நேரம் வேலை நடந்தபின், ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்றோர் அறிவிப்பு. மேற்கொண்டு தூரிகை நகரவில்லை, சேமிக்கவும் முடியவில்லை. அண்ணன் கூறிய யோசனைகள் இரண்டு: புதிதாக றாம் வாங்கிப் பூட்டுவது, அதுவரையில் இடம் உண்டாக்குவதற்காக, வருடி எடுத்த பெரிய கோப்பை அழித்துவிட்டுச் சிறிய ஜேபெக் பிரதி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. இவற்றுள் எதனைச் செய்யலாம் என்று கேட்கிறார்.

முதலாவதற்கு அவசரமில்லை. இரண்டாவதை எந்நாளும் செய்தலாகாது.

காகிதப் படந்தான் கையில் இருக்கின்றதே, வேண்டுமானால் மறுபடியும் வருடலாமே என்று அண்ணன் கேட்கக்கூடும். பழைய படத்தின் மேற்பூச்சு வெடித்த இடத்திலே ஒவ்வொரு தடவை எடுத்து வைக்கும்போதும் ஒரு துணுக்கு உதிரும். இன்று வருடியில் பதிந்தது அடுத்த வருடம் அக்காகிதத்தில் இருக்குமென்பது நிச்சயமில்லை. ஜேபெக் பிரதியோ, கோப்பைச் சிறிதாக்கும் பொருட்டு நுண்ணிய விபரங்களை எறிந்துவிட்டு உண்டாவது. எறிந்தவை திரும்பி வாரா.

நிற்க. கணினி எதனை இடம் என்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீடொன்றின் சிறிய அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசை, ஓர் அலுமாரி, நடுவிலே கொஞ்சம் வெறுந்தரை. மேசைதான் றாம் எனப்படும் நினைவகம். கை வேலை நடக்கும் இடம் அது. மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை யாவும் மறைந்துவிடும். அலுமாரியும் தரையும் சேர்ந்ததே வன்தட்டு. அலுமாரியிலே கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சிய வெற்றிடம் தரை. மேசை நிறைந்தபோது நாம் என்ன செய்கிறோம்? உடனே வேண்டாத தாள்களைத் தரையிலே பரப்பி வைக்கிறோம். வேண்டும்போது குனிந்து எடுக்கிறோம். அந்தத் தரையைத்தான் போட்டோஷொப் ஸ்கிராட்ச் டிஸ்க் என்கின்றது. ஆகவே மாணவிக்கு வந்த அறிவிப்பு, மேசை சிறிது என்று முறையிடவில்லை. தரையிலே கால் வைக்க இடமில்லை என்கின்றது. தரை முழுவதும் சினிமாப் படங்களும் கைத்தொலைபேசியிலிருந்து இறக்கிய காட்சிகளும் கிடக்க, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலே பெரிய மேசை வாங்கி வந்து என்ன பயன்?

இந்த யுக்தி புதியதன்று. மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்திலே 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணினியில், விரைவான உள்நினைவகம் 16,384 சொற்களை மாத்திரமே கொள்ளும். அருகிலே சுழலும் காந்த உருளை 98,304 சொற்களைக் கொள்ளும். இரண்டையும் ஒரே நினைவகம்போலத் தோன்றச் செய்து, வேண்டியதை உள்ளேயும் வேண்டாததை வெளியேயும் தானாகவே மாற்றுவதற்கு அதனைச் சமைத்தோர் வழி கண்டனர். மெய்நிகர் நினைவகம் என்று இன்று பாடநூல்களில் நாம் கற்பிப்பது அதுவே. 1987இலே தோமஸ் நோல் தொடங்கிய வேலை, சகோதரர் ஜோன் நோலும் சேர்ந்தபின், 1990 பெப்ரவரியில் போட்டோஷொப் என்ற பெயரோடு வெளிவந்தது. அது முதலில் வந்த மெக்கின்டொஷ் கணினிகளின் இயக்க முறைமைக்கு இவ்வசதி 1991இலேதான் கிடைத்தது. ஆதலால் தனக்கு வேண்டிய தரையைத் தானே கூட்டிக்கொள்ளும் பழக்கம் அம்மென்பொருளுக்கு உண்டாயிற்று. அது திறக்கும்போது திரையிலே ஓடும் பெயர்ப்பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பல்லாண்டுகளாகக் கண்டவர்கள் நம்மவருள் அநேகர். பெயரைக் கண்டு மகிழ்ந்த அளவுக்கு, அந்நிரல் உள்ளே எவ்விதம் இயங்குகின்றது என்று கேட்டவர்கள் அதிகமில்லை.

இனி மாணவியின் கணக்கைப் பார்ப்போம். அவர் விபரங்களை ஒழுங்காக எழுதி அனுப்பியிருப்பது மெச்சத்தக்கது. வருடியிலே அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்று வைத்திருக்கிறார். நிறமொன்றுக்கு 16 பிற்றுக்கள். ஆறங்குலம் 14,400 பிக்சல். நாலங்குலம் 9,600 பிக்சல். பெருக்கினால் 13 கோடியே 82 இலட்சத்து 40 ஆயிரம் பிக்சல்கள். பிக்சல் ஒன்றுக்கு மூன்று நிறங்கள், நிறத்துக்கு இரண்டு பைட்டாக ஆறு பைட்டுக்கள். மொத்தம் ஏறக்குறைய 829 மெகாபைட். (அட்லசின் உள்நினைவகங்கள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவை கூடினாலும் இந்த ஒரு கலியாணப் படத்தைத் தாங்கமாட்டா!)

அத்துடன் முடிந்ததா? செய்த வேலையை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி மீட்பதற்காக மென்பொருள் முந்திய நிலைகளை வைத்திருக்கின்றது. இப்போதைய போட்டோஷொப் 50 நிலைகளை வைத்திருக்கும்படி அமைந்து வருகின்றது. ஒரு சிறு புள்ளியைத் துடைத்தால் மாறிய துண்டை மாத்திரமே புதிதாக எழுதும், அதில் பாரமில்லை. ஆனால் படம் முழுவதையும் சரித்து நேராக்குவது, முழுப்படத்துக்கும் ஒளியைக் கூட்டுவது, மங்கலை நீக்குவது போன்றவற்றில் ஒவ்வொரு தடவையும் முழுப்படமே புதிதாக எழுதப்படும். 829 மெகாபைட்டை ஐம்பதாற் பெருக்கினால் 41 கிகாபைட்டுக்கு மேற்செல்கின்றது. மாணவியின் வன்தட்டில் வெற்றிடமாக இருந்தது 12 கிகாபைட். பதினைந்தாவது படிக்கு முன்னரே தரை நிறைந்துவிடும்.

ஆகவே பரிகாரம் கடையிலே அன்று, வருடியிலேயே தொடங்குகின்றது. பழைய காகிதப் படங்களுட் பெரும்பாலானவற்றுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதுமானவை. அதற்குமேற் போனால் தாளின் நாரையும் தூசியையும் பெருப்பித்துப் பார்ப்பதன்றி வேறு இலாபம் சொற்பம். (பிலிம் சுருளை வருடுவது வேறு, சிறிய பரப்பிலே மிகுந்த விபரம் அடங்கியிருப்பதால் அதற்கு 2400உம் வேண்டியதே.) 600 புள்ளியிலே அதே படம், அதே நிற ஆழத்தோடு, 52 மெகாபைட், பதினாறில் ஒரு பங்கு. கறுப்பு வெள்ளைப் படந்தானே, நிறம் எதற்கு என்பாருமுண்டு. மூலப் பிரதியை நிறத்திலேயே எடுப்பது நல்லது. மஞ்சட் கறை நீல நிறப்பகுதியிலே அழுத்தமாகவும் சிவப்பிலே மெல்லியதாகவும் விழுவது வழக்கமாதலால், கறையை விலக்குவதற்கு அவ்வேறுபாடு கைகொடுக்கும். கறை நீங்கியபின் சாம்பல் நிறப் படமாக மாற்றிக்கொண்டால் அளவு மூன்றில் ஒன்றாகும்.

ஏற்கெனவே நடுவழியில் அகப்பட்டவர் செய்யவேண்டியது வேறு. அறிவிப்பைக் கண்டவுடன் மென்பொருளை மூடிவிடாதீர்கள், மேசையிலுள்ளது போய்விடும். அதனை அப்படியே விட்டு, கணினியின் கோப்புறைகளுக்குச் சென்று, சினிமா முதலிய பெரிய கோப்புகளை வெளித்தட்டு ஒன்றுக்கு மாற்றுங்கள். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குங்கள். பின்னர் திரும்பி வந்து, எடிட் பட்டியலிலே பேர்ஜ் என்பதன் கீழ் பழைய நிலைகளை நீக்கலாம். நீக்கியபின் பின்னோக்கிச் செல்ல முடியாது என்பது ஞாபகமிருக்கட்டும். அடுத்து, வேறொரு பெயரிலே, இடமுள்ள தட்டிலே சேமியுங்கள். மூலக் கோப்பின்மேலே சேமிப்பது எக்காலத்திலும் தகாது. இடமில்லாத தட்டிலே பாதி எழுதி நின்ற கோப்பு, முன்னையதும் இல்லாமல் பின்னையதும் இல்லாமல் போகலாம்.

மென்பொருள் திறக்கவே மறுக்குமாயின், விண்டோஸ் கணினியில் கொன்ரோல், ஒல்ற் ஆகிய இரு விசைகளையும் அழுத்தியவாறு அதனைத் திறந்தால், எந்தத் தட்டைத் தரையாகக் கொள்வது என்று கேட்கும். வெற்றிடமுள்ள தட்டைக் காட்டுங்கள். மென்பொருள் இடைநடுவில் நின்றுபோன நாட்களிலே, போட்டோஷொப் ரெம்ப் என்று தொடங்கும் பெயர்களோடு பெரிய கோப்புகள் தற்காலிகக் கோப்புறையில் தங்கிவிடுவதுண்டு. மென்பொருளை மூடியபின் அவற்றை அழிக்கலாம். பிரிபரன்சஸ் பகுதியிலே, மீட்பு நிலைகளை 50இலிருந்து 20 ஆகக் குறைத்தால் பெரும் ஆறுதல் உண்டாகும். நினைவகத்தில் எத்தனை வீதத்தை இம்மென்பொருளுக்குக் கொடுப்பது என்ற இடத்தில் 70 இருக்கும். அதனை நூறுக்குத் தள்ளுவது மதியீனம். விண்டோசுக்கு மேசையில் மூலையும் இல்லாது போனால் இரண்டும் சேர்ந்து திணறும். படத்தின் அடியிலே எபிசியன்சி என்று ஒரு வீதம் காட்டும்படி அமைக்கலாம். அது நூறாக இருக்கும்வரை வேலை மேசையிலே நடக்கின்றது. எப்போதும் மிகக் குறைந்து நிற்குமானால், அப்போதுதான் புதிய றாமைப்பற்றி யோசிக்கவேண்டும்.

வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் கலியாண அல்பம் அமைப்போருக்கு நேரும் சங்கடம் இன்னொரு வகை. 12 அங்குல உயரமும் 36 அங்குல அகலமுமான விரிதாள், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 117 மெகாபைட்டளவே ஆகும். அதன்மேல் மணமக்கள், கோபுரம், பூமாலை, பொற்றூள் என்று பத்துப் பன்னிரண்டு அடுக்குகள் ஏறும்போது ஒரு தாளே கிகாபைட்டைத் தாண்டும். அப்படிப் பத்துத் தாள்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு கணினியை நோவதில் நியாயமில்லை. படத்தை வெட்டும் கருவியிலே அலகு கவனியாமையும் ஒரு வேடிக்கையான கண்ணி. 600க்கு 400 பிக்சல் என்று எண்ணி, பெட்டியிலே அங்குலம் நிற்பதைக் காணாமல், அதே எண்களை இட்டால், 300 புள்ளி வீதத்தில் 65 கிகாபைட் படத்தை உண்டாக்கும்படி கட்டளையிட்டவராவீர்கள். தட்டு நிறைந்துவிட்டது என்று கணினி சொல்வது அப்போது முற்றிலும் உண்மை.

மாதச் சந்தா கட்ட வசதியில்லாதவர்கள் களவாக உடைத்த போட்டோஷொப் பிரதிகளைத் தேடவேண்டியதில்லை. அவற்றோடு வரும் கிருமிகள் தட்டிலுள்ள யாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் காலம் இது. பேர்க்லியிலே பயின்ற இரு மாணவர்கள் 1995இல் தொடங்கிய கிம்ப் என்னும் மென்பொருள் இலவசமானது. பழுதுற்ற படத்தைத் திருத்த அது போதும். அதிலும் பிரிபரன்சஸ் பகுதியிலே, மீட்புக்கு ஒதுக்கும் நினைவகத்தின் அளவையும், தரையாகப் பயன்படும் கோப்புறை எந்தத் தட்டில் இருப்பது என்பதையும் மாற்றலாம்.

இவையெல்லாம் ஒரு வீட்டுப் படத்தோடு நிற்பனவல்ல. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின என்பர். பிரதி எடுக்கப்படாதவை அத்தோடு போயின. 2005இலே தொடங்கிய நூலகம் திட்டத்தார், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் வருடி, எவரும் வாசிக்கும்படி இலவசமாக வைத்து வருகின்றனர். 15க்கு 22 அங்குலமான பத்திரிகைத் தாள் ஒன்றை 600 புள்ளியில், நிறத்தில் எடுத்தால் 356 மெகாபைட். எட்டுப் பக்கத்துக்கு 2.8 கிகாபைட். ஒரு வருடத்து நாளிதழ் ஆயிரம் கிகாபைட்டை எட்டிவிடும். ஆகவேதான் ஆவணக் காப்பகத்தார் மூலப் பிரதியை ஒருபுறம் தொடாமல் வைத்து, வாசிப்பதற்கும் திருத்துவதற்கும் சிறிய பிரதிகளை வேறாக எடுத்துக்கொள்கின்றனர். வீட்டிலும் இதே முறை போதும்: மூலம் என்றொரு கோப்புறை, வேலை என்றொரு கோப்புறை, மூலத்தின் பிரதி இன்னொன்று வேறு வீட்டிலே, தம்பி வீட்டிலோ அத்தை வீட்டிலோ.

பிரதியைப் பென் டிரைவில் இடும்போது ஒரு சிக்கல் வரலாம். 32 கிகாபைட் வெற்றிடம் இருந்தும், ஐந்து கிகாபைட் கோப்பு ஒன்றை அது ஏற்க மறுக்கும். பட் 32 என்னும் பழைய ஒழுங்கிலே அமைந்த டிரைவில் ஒரு தனிக் கோப்பு நாலு கிகாபைட்டுக்கு மேற்படலாகாது என்பதே காரணம். எக்ஸ்பட் ஒழுங்குக்கு மாற்றினால் தீரும். மாற்றும்போது அதிலுள்ள யாவும் அழிந்துவிடுமாதலால் முதலில் வேறிடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோஷொப்பின் வழக்கமான பி.எஸ்.டி. கோப்புக்கும் இரண்டு கிகாபைட் என்ற எல்லை உண்டு. அதற்கு மேற்பட்டால் பி.எஸ்.பி. என்ற வகையிலே சேமிக்கவேண்டும்.

மாணவியின் படத்திலே பாட்டனாரின் முகத்துக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பை, முகச்சாயல் மாறாமல் எவ்வாறு நிரப்புவது என்பதை அடுத்த வாரம் எழுதுவேன். அதற்கிடையில் அவர் 600 புள்ளியிலே ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பாராக.