தோட்டம் இல்லாத ஊரில் என்ன சாப்பிடுவது?



கத்தரிக்காய் பிடிக்கவில்லை, கீரை பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளி வைக்கிறீர்களே... கீரையே முளைக்காத ஊரில் பிறந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

கனடாவின் வடகோடியில், 1999ல் தனி ஆட்சிப் பகுதியான நுனாவுட் அப்படிப்பட்ட இடம். கோடையிலும் மேல் மண் மட்டும்தான் இளகும். அடியில் நிலம் பாறை போல் உறைந்தே கிடக்கும். நெல், கோதுமை எதுவும் விளையாது. அங்கு வாழ்பவர்கள் இன்யூட் மக்கள். எஸ்கிமோ என்று படித்திருப்பீர்கள். அந்தப் பெயர் அவர்களில் பலருக்குப் பிடிப்பதில்லை. இன்யூட் என்றால் அவர்கள் மொழியில், 'மக்கள்' என்று பொருள்.

சீல், திமிங்கிலம், கரிபூ என்னும் பனிமான், மீன் இவையே அவர்களின் உணவு. கோடையில் கொஞ்சம் காட்டுப் பழங்களும் கிடைக்கும்.

சீல் நம்மைப் போல் மூச்சு விடும் விலங்கு. கடல் உறைந்ததும், பனிக்கட்டியில் சில துளைகளை மூடிவிடாமல் நகத்தால் சுரண்டி வைத்துக் கொள்ளும். அதில் ஒரு துளை அருகே வேட்டைக்காரர் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார். கால் சற்று நகர்ந்தாலும் அடியில் இருக்கும் சீலுக்குக் கேட்டுவிடும். (வகுப்பில் பத்து நிமிடம் ஆடாமல் உட்கார முடிகிறதா உங்களால்?) கிடைத்த சீலின் கறி உணவாகும், கொழுப்பு கல் விளக்குக்கு எண்ணெயாகும், தோல் காலணியாகும்.

அந்தக் காலத்தில் துருவக் கடலுக்குப் போன ஐரோப்பிய மாலுமிகள், வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கி, ஸ்கர்வி நோயால் மடிந்தனர். காய்கறியே காணாத இன்யூட் மக்களை அந்த நோய் வாட்டவில்லை. காரணம், அவர்கள் பச்சையாக உண்ணும் திமிங்கிலத் தோலில் வைட்டமின் சி இருக்கிறது. வேக வைத்தால் பெரும்பகுதி அழிந்து போகும். பச்சைக் கறி தின்பவர்கள் என்று சிரித்தவர்களுக்கு இது தெரியவில்லை! பனிக்கரடியின் ஈரலை மட்டும் அவர்கள் தொடுவதில்லை. அதில் வைட்டமின் ஏ மிதமிஞ்சி இருப்பதால், அது விஷம்.

வெள்ளை நிற சீல் குட்டிகளை வணிகத்துக்காகக் கொல்வதைப் படத்தில் பார்த்து, ஐரோப்பிய மக்கள் கொதித்தனர். 1983ல் அந்தக் குட்டித் தோலுக்கு அங்கே தடை வந்தது. அந்தக் கண்களைப் பார்த்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால், இன்யூட் மக்கள் உணவுக்காகப் பிடிப்பது பெரும்பாலும் வேறு வகை சீல். அதன் தோலையும் வாங்க ஆளில்லாமல் போனது. 2009ல் வந்த பெரிய தடையில் அவர்களுக்கு விலக்கு கொடுத்தும், விற்பனை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தோல் விற்ற காசில்தானே தோட்டாவும் பெட்ரோலும் வாங்க வேண்டும்?

கடை உணவு விமானத்தில் வர வேண்டும். கோடையில் மட்டும் கப்பல் வரும். அதனால் எல்லாம் யானை விலை. அங்கே பல வீடுகளில் போதிய உணவு இல்லை. அதனால்தான் இன்றும் ஒருவர் சீல் பிடித்து வந்தால், உறவுக்கும், வேட்டைக்குப் போக முடியாத முதியோருக்கும் பங்கு போகிறது. தரையில் அட்டையை விரித்து, கறியை நடுவில் வைத்து, பிறை வடிவக் கத்தியால் அறுத்து, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகின்றனர்.