பிள்ளை பெற்றவளுக்குக் கால் மரத்தால் அது சோம்பல் அல்ல



பிள்ளை பெற்று ரெண்டு மூணு வாரத்தில் ஒரு பெண், "ரெண்டு காலும் மரமரக்குது, படி ஏற முடியல" என்றால் லயத்தில் நாம் என்ன சொல்கிறோம்? குளிர் ஏறிவிட்டது என்கிறோம், தைலம் தேய்க்கிறோம். டிஸ்பென்சரியில் பெனடோலும் சத்துக் குளிசையும் கொடுத்து அனுப்புகிறார்கள். மலையிலோ, "வேலைக்கு வர மனசில்லை" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். இந்த மூன்றுமே தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

அந்த மரமரப்பு கில்லான் பரே என்ற நோயாக இருக்கலாம். 1916இல் பிரான்ஸ் டாக்டர்கள் மூவர் எழுதிவைத்த நோய் அது. கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே அடிக்கிறது. கரண்ட் வயரின் மேல் ரப்பரை எலி கடித்த மாதிரி. வயிற்றோட்டமோ தடிமன் காய்ச்சலோ வந்து போன பிறகு தொடங்குவதுதான் அதிகம். 2025 தொடக்கத்தில் இந்தியாவின் புனே நகரில் பலருக்கு ஒரே சமயத்தில் இது வந்தபோது, சந்தேகம் குடிதண்ணீர் மேல் விழுந்தது. ஊற்றுத் தண்ணீரைப் பைப்பில் இறக்கி அப்படியே குடிக்கிற நமக்கு அது தூரத்துச் செய்தியா?

இது அபூர்வ நோய்தான், லட்சம் பேரில் வருசத்துக்கு ஒருவர் இருவருக்கு வரும். ஆனால் பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் கால் தளர்ந்த அன்றே பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லொறி இல்லை, டிரைவர் இல்லை என்ற கதையைக் கேட்டு நிற்கக் கூடாது. இது ஒட்டுகிற நோயுமல்ல, யாரும் வைத்த சூனியமுமல்ல.

மருந்து இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியை முதல் ரெண்டு வாரத்துக்குள் ஏற்றினால் நல்ல பலன். அந்த மருந்தின் பெயர் உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும். 2023இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் தரமற்றது என்று வெளியானது. அதைக் கொள்வனவு செய்த விவகாரத்தில்தான் 2024 பெப்ரவரியில் அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானார். தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். காசு உள்ளவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார். நமக்கு அரசாங்க ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கதியில்லை, அந்தப் போத்தலில் கலப்படம் என்றால் நம் வீட்டுத் தாய்தான் படுக்கையில் கிடப்பாள்.

உயிர் தப்பியதோடு முடிவதில்லை. பெரும்பாலானோர் எழுந்து நடப்பார்கள், ஆனால் மாதக் கணக்காகும். வயர் உள்ளேயே அறுந்திருந்தால் நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதத்துக்கு எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மாதக் கணக்கில் வரவில்லை. விசாரித்தால், அம்மாவுக்கு இந்த நோய். தண்ணீர் தூக்குவதும் தம்பியைப் பார்ப்பதும் அம்மாவைக் கக்கூசுக்குத் தாங்கிப் போவதும் அவள்தான். அப்பாவுக்கு ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு பேர் போச்சு.

சட்டம் என்ன தருகிறது? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி 12 வாரம். மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவு என்று 2018இல்தான் திருத்தினார்கள், அதுவும் கேட்டுக் கேட்டு வாங்கியது. பிரசவத்துக்கு முன் ரெண்டு வாரம் கழித்தால் மிச்சம் பத்து. அவள் கட்டிலில் எழுந்து உட்காரும்போதே லீவு முடிந்துவிடும். வேலையில் வந்த காயமில்லை என்பதால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் கைவிடுகிறது. பிறகு செக்ரோலில் பேர் நிற்குமா என்பது துரையின் தயவாம். பிள்ளை பெற்றது தயவுக்கா?

நாம் கேட்பது இது: டாக்டர் துண்டு உள்ளவரை அவள் பேரை வெட்டக் கூடாது. திரும்பி வருகிறவளுக்கு முதல் மாதங்களில் செங்குத்து மலை வேண்டாம், பிள்ளை மடுவத்திலோ நாற்று மேடையிலோ வேலை கொடுங்கள். பிசியோதெரபிக்குப் போகும் நாளுக்குத் தோட்ட வாகனம் வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு இதையும் எழுதிக் கொடுக்கப் போகிறோம். தெமோதரைப் பக்கத்து மாதர் சங்கத் தலைவிமார், பிரசவத்துக்குப் பிறகு நோயால் பேர் வெட்டப்பட்டவர்களின் விவரத்தை டிவிசன் வாரியாகத் தலைவரிடம் சந்தா நாளன்று கொடுங்கள். ஆஸ்பத்திரித் துண்டின் போட்டோ பிரதியும் சேர்த்து.