‘முன்’ படத்தையும் ஒழுங்காக எடுங்கள்

போன ஈஸ்டர் விடுமுறையில் எங்கள் வீட்டு ஹோலுக்கு நானே பெயின்ட் அடித்தேன். ஸ்ட்ரெதம் ஹை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழைய வீடுகள் வருமே, அதில் ஒன்றுதான் எங்களுடையது. அப்பா இருபது வருடத்துக்கு முன்னர் அடித்த பீச் நிறச் சுவர் நான்கு நாளில் வெள்ளையானது. பழைய செற்றியை மேலே அனுப்பினேன். கண்ணாடி அலுமாரியை வெறுமையாக்கி மூன்று புத்தகமும் ஒரு செடியும் வைத்தேன். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போட்டதும் நண்பர்களிடமிருந்து இதயங்களாக வந்து குவிந்தன.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘பின்’ படத்தை நிறைய நேரம் பார்த்தா.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா இது ஆற்றை வீடு பிள்ளை?”

அப்போது சிரித்தேன். அன்று இரவு படுத்துக்கிடந்து ‘முன்’ படத்தைத் திரும்பப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தை நான் வேண்டுமென்றே கேவலமாக எடுத்திருந்தேன். திரைச்சீலையை மூடி, மஞ்சள் பல்பைப் போட்டு, போனைச் சரித்துப் பிடித்து எடுத்த படம். செற்றியில் கிடந்த உடுப்புக் குவியலைக்கூட எடுத்து வைக்கவில்லை. ‘பின்’ படம் பளிச்சென்று தெரியவேண்டும் என்றால் ‘முன்’ படம் அசிங்கமாக இருக்கவேண்டும் அல்லவா? நீங்கள் பார்க்கும் பாதி ரீல்ஸில் நடப்பது இதுதான். நிறம் மாறியது கொஞ்சம். வெளிச்சமும் கமரா பிடித்த கையும் மாறியதுதான் மிச்சம் எல்லாம்.

பிரச்சினை என்னவென்றால், நான் வளர்ந்த அந்த அறைக்கு இப்போது இருக்கும் முழுப்படம் அது ஒன்றுதான். பிறந்தநாள் படங்களில் முகங்கள் இருக்கின்றன, அறை இல்லை. மூலையில் இருந்த சாமித்தட்டு ‘முன்’ படத்தில் வெறும் கறுப்பு. தட்டுக்கு மேலே சுவரில் விளக்குப் புகை படிந்து ஒரு மண்ணிறத் திட்டு இருந்தது. அதன் மேல் இரண்டு தரம் வெள்ளை அடித்தும் புகைக்கறை திரும்பத் திரும்ப வெளியே வந்தது. சாதாரண எமல்ஷன் அதை மறைக்காது என்று பிறகுதான் படித்தேன். கறை தடுக்கும் பிரைமர் வாங்கிவந்து மூடினேன். அம்மா இருபது வருடம் விளக்கேற்றிய அடையாளத்தை மூட எனக்கு ஒரு டின் போதுமாக இருந்தது. மூடுவதற்கு முன் ஒரு நல்ல படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். அதைத்தான் செய்யவில்லை.

ஒரு கறைக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பீர்கள். அம்மாவின் வீட்டுக் கதையைச் சொன்னால் விளங்கும்.

அம்மா பிறந்தது வலிகாமம் வடக்கில். 1990இல் அங்கிருந்து வெளிக்கிட்டவர்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. நிறைய வருடம் கழித்துக் காணி திரும்பக் கிடைத்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. அந்த வீட்டுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: பெரியம்மாவின் சாமத்தியச் சடங்கு. பின்னால் ஒரு தூணும் யன்னலில் பாதியும் தெரிகிறது. கனடாவில் இருக்கும் மாமாவும் அம்மாவும் இன்றைக்கும் போனில் சண்டை பிடிப்பார்கள், அந்த யன்னல் பச்சையா நீலமா, விறாந்தையில் தூண் மூன்றா நான்கா என்று. தீர்த்துவைக்க ஆளும் இல்லை, படமும் இல்லை.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய கதை இல்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அவர்கள் வரைந்த கோடுகளையும், அவற்றிலிருந்து ஒழுங்காக வரையப்பட்ட வீட்டுப் படங்களையும், தன் சித்திரங்களையும் சேர்த்து 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற புத்தகமாக்கினார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று மனிதர்கள் தடவித் தடவி வரைந்ததைப் பார்த்தால், கையில் கமராவை வைத்துக்கொண்டு நாங்கள் எவ்வளவு அலட்சியமாக இருக்கிறோம் என்று தெரியும்.

லண்டனிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. மைக்கேல் மக்மில்லன் என்ற எழுத்தாளர், கரிபியனிலிருந்து வந்த குடும்பங்களின் முன் அறையை அப்படியே கட்டி, 2005இல் அப்போதைய ஜெஃப்ரி மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார். இன்று அதன் பெயர் மியூசியம் ஒஃப் த ஹோம். பின்னல் விரிப்பு, பிளாஸ்டிக் பூ, யாரும் தொடக்கூடாத கண்ணாடிச் சாமான் அலுமாரி. கேட்டமாதிரி இருக்கிறதா? பிரிக்ஸ்டனில் இருந்த வீடும் ஸ்ட்ரெதமில் இருக்கும் எங்கள் வீடும் அவ்வளவு தூரமில்லை. பிள்ளைகள் வெட்கப்பட்ட அறையைப் பார்க்க மற்றவர்கள் மியூசியத்துக்கு வந்தார்கள்.

அதற்காகச் சுவரைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. பீச் நிறத்தோடு காலம் முழுக்க வாழ எனக்கும் ஏலாது. எங்கள் அப்பா அம்மாவும் வந்த புதிதில் யாரோ ஒட்டியிருந்த பூப்போட்ட வோல்பேப்பரை உரித்துத்தானே தங்கள் நிறத்தை அடித்தார்கள். என் கருத்து ஒன்றே ஒன்றுதான்: ‘பின்’ படத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை ‘முன்’ படத்துக்கும் கொடுங்கள். டின்னைத் திறப்பதற்கு முதல் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள்.

எப்படி எடுப்பது? நான் பிழைவிட்டுப் படித்தவை இவை.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். எங்கள் சமையலறை எண்ணெய் எல்லாப் போனிலும் இருக்கும். பிறகு அறை விளக்குகளை அணையுங்கள். பல்பின் ஒளி மஞ்சள், யன்னல் ஒளி நீலம். இரண்டும் கலந்தால் கமரா குழம்பி, சுவரின் உண்மை நிறம் போய்விடும். மேகம் மூடிய நாள் நல்லது, வெளிச்சம் பரவலாக விழும். லண்டனில் அதற்கா பஞ்சம்? டிசம்பரில் என்றால் நான்கு மணிக்கு முதலே பொழுது பட்டுவிடும், பதினொரு மணிபோல எடுங்கள்.

அறையைப் பெரிதாகக் காட்டும் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள். அது ஓரத்தில் இருக்கும் கதிரையை இழுத்து நீட்டிவிடும். 1இல் வைத்து, கதவு மூலையில் முதுகை ஒட்டி நில்லுங்கள். போன் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மேலேயோ கீழேயோ சரித்தால் சுவர்கள் விழுவதுபோலத் தெரியும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக் கதவு நிலை நேராக நிற்கிறதா என்று பாருங்கள். யன்னல் வெளுத்துப்போனால், அதைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம். பிறகு கிட்டப்போய்ச் சின்னச் சாமான்கள்: சாமித்தட்டு, டூட்டிங் கடைக் கலண்டர், அரங்கேற்றப் படம், சுவிட்சைச் சுற்றியுள்ள கைக்கறை. அள்ளி ஒளிக்காதீர்கள். கடைசியாக, அந்த அறையில் வழக்கமாக இருப்பவரை வழக்கமான இடத்தில் இருத்தி ஒன்று. நாளையும் அறையையும் எழுதிச் சேமியுங்கள். இரண்டு மூன்றையாவது அச்சடித்து அல்பத்தில் வையுங்கள்.

வெளியே போடுவது வேறு கதை. சாமித்தட்டை ஊருக்குக் காட்ட அம்மாவுக்கு விருப்பமில்லை என்றால் போடாதீர்கள். மேசையில் கிடக்கும் கடிதத்தில் விலாசம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

வாடகை அறையில் இருக்கும் ஆட்களுக்கு இதில் காசும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2019 முதல், வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. வாங்கிய காசை 30 நாளுக்குள் அரசு ஏற்ற திட்டம் ஒன்றில் பாதுகாக்கவேண்டும். வெளியேறும்போது “இந்தக் கீறல் ஆர் செய்தது?” என்று கேள்வி வந்தால், குடிவந்த அன்று எடுத்த தெளிவான ‘முன்’ படம்தான் உங்கள் சாட்சி. என் தோழி ஒருத்தியின் டெபாசிட்டில் பாதி போனது, அவளிடம் இருந்தது எல்லாம் மங்கல் படம் என்பதால்.

இன்னொரு எச்சரிக்கை. 2000க்கு முன் கட்டிய வீட்டில், கூரையில் சுழிசுழியாக ஆர்டெக்ஸ் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டவோ மணல்தாளால் தேய்க்கவோ வேண்டாம். அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம், சோதித்துப் பார்க்கவேண்டும். பழைய மரச்சட்டங்களில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். படம் பிறகும் எடுக்கலாம், சுவாசப்பை ஒரு சோடிதான்.

எங்கள் ஹோலின் ‘முன்’ படம் இனிக் கிடைக்காது. மிச்ச வீட்டையாவது எடுப்போம் என்று போன கிழமை அம்மாவிடம் கேட்டேன், எந்த இடத்தை முதலில் எடுக்க என்று. சாமியறை என்பா, இல்லாவிட்டால் குசினி என்பா என்று நினைத்தேன். அம்மா படிக்குக் கீழே செருப்புக் கழட்டும் இடத்தைக் காட்டினா. கார்ப்பெட் தேய்ந்து நூல் தெரியும் இடம்.

“ஏனம்மா இது?”

“வந்த சனம் எல்லாம் அதிலைதானே நிண்டது.”

அந்தக் கார்ப்பெட்டை மாற்றுவது அடுத்த மாதத்துக்கான என் திட்டம். சனிக்கிழமை காலை, விளக்கை அணைத்துவிட்டு, முதலில் படம்.