டிடிஎஸ் மீட்டர் சொல்லாத சங்கதி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையில் வீடு மாறியவர்கள், புதிதாக ஃபிளாட் வாங்கியவர்கள் எல்லாரும் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்ற உரிமையில் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், எங்க ஏரியாவுல தண்ணி ஒரே உப்பு. டிடிஎஸ் எக்கச்சக்கம். எந்த ஆர்ஓ வாங்கலாம்?" ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் உப்பைக் கண்டு பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது கிருமியைக் கண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் காசும் போகிறது, தண்ணீரும் போகிறது, ஊருக்குப் பொதுவான குழாயின்மேல் நமக்கு இருந்த அக்கறையும் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் பழைய பாடம். தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருந்தால் அது கடின நீர். சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது, ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படியும், குழாய் வாயில் வெள்ளைத் திட்டு பிடிக்கும். பைகார்பனேட்டாக இருந்தால் அது தற்காலிகக் கடினத்தன்மை, கொதிக்க வைத்தாலே அடியில் படிந்துவிடும். சல்பேட், குளோரைடாக இருந்தால் நிரந்தரக் கடினத்தன்மை, கொதிக்க வைத்தாலும் போகாது. இதில் தொல்லை உண்டு, செலவு உண்டு. ஆனால் விஷம் கிடையாது. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு வேண்டிய சத்துகள். உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. நம் நாட்டின் ஐஎஸ் 10500 தரவிதி, ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம் என்கிறது. டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளுக்கு அந்த எண்கள் 500, 2000.

சென்னைத் தண்ணீர் ஏன் தெருவுக்குத் தெரு மாறுகிறது? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், வீராணம், கிருஷ்ணா தண்ணீர், சுத்திகரித்த கடல்நீர் எல்லாம் சேர்ந்ததுதான் மெட்ரோ வாட்டர். இது போர் தண்ணீரைவிடப் பொதுவாக மென்மையானது. நம் வீட்டு உப்பு பெரும்பாலும் போரிலிருந்து வருவது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய இடங்களில் கடல் உள்ளே ஏறிவிடும். மீஞ்சூர்ப் பக்கம் அப்படித்தான் பல கிலோமீட்டருக்குக் கடல்நீர் புகுந்தது. பல அடுக்குமாடிகளில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுகின்றன. நல்ல தண்ணீரை நாமே உப்பாக்கிவிட்டு, பிறகு உப்பை எடுக்க மிஷின் வாங்குகிறோம்.

இனி அந்த மீட்டர் விஷயம். பேனா மாதிரி ஒரு கருவியைத் தம்ளரில் விட்டு "480 காட்டுது பாருங்க மேடம்" என்பார் விற்க வருபவர். அது அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை. அதை வைத்து உப்பை உத்தேசமாகக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். அதில் பாக்டீரியா தெரியாது, பூச்சிமருந்து தெரியாது. இரண்டு சொட்டுச் சாக்கடை கலந்தாலும் முள் நகராது. 150 காட்டும் தண்ணீர் காலரா தரலாம். 700 காட்டும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்கலாம்.

இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு தம்ளரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி அழுக்கு திரளும், ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருக்கும். பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளைகளே, நீங்கள் படித்த மின்னாற்பகுப்புதான் அது! உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது, இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளிவருகிறது. அந்த அழுக்கு கம்பியினுடையது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. அந்தத் தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊரில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. எங்காவது விரிசல் இருந்தால் கழிவு உள்ளே கசியும். அடிபம்பு அடிக்கும்போதும், சட்டத்துக்குப் புறம்பாக மெயின் குழாயில் மோட்டார் போட்டு இழுக்கும்போதும் அது இன்னும் வேகமாக உறிஞ்சப்படும். இதற்குக் காவல்தான் குளோரின். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது விதி. "ப்ளீச்சிங் பவுடர் வாடை வருது" என்று முகம் சுளிக்கிறோம். லேசான வாடை வந்தால் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். ஆர்ஓ மிஷினுக்குள் இருக்கும் கரி அந்தக் குளோரினையும் எடுத்துவிடுகிறது. அதனால் அதன் தொட்டியைச் சுத்தமாக வைக்காவிட்டால் உள்ளே மறுபடி கிருமி வளரும்.

ஆர்ஓ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிடிஎஸ் மிக அதிகமாக இருக்கும் இடத்தில், ஃபுளூரைடோ நைட்ரேட்டோ வரம்பைத் தாண்டிய இடத்தில் அது தேவைதான். ஆனால் சாதாரண வீட்டு மிஷின் ஒரு லிட்டர் கொடுக்க ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. வீட்டுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்று வையுங்கள், 45 லிட்டர் வீண். 100 வீடுள்ள அடுக்குமாடியில் 4,500 லிட்டர். மூன்று நாளுக்குள் 12,000 லிட்டர் லாரி ஒன்று சாக்கடைக்குப் போகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்த ஊர் இது. அதே ஆண்டு மே மாதம்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று சொன்னது.

எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு மிஷினும் கேனும் வந்தபின், வாயும் வசதியும் உள்ளவர்கள் குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டோம். கலங்கலாக வந்தால் "குளிக்கத்தானே" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அதே தெருக்குழாய்த் தண்ணீரைத்தான். நாம் புகார் செய்யாத கசிவு அவர் வீட்டில் வயிற்றுப்போக்காக முடிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை நினைத்துப் பாருங்கள். நிலத்தடி நீரில் இருந்த ஃபுளூரைடால் பல்லில் கறை, எலும்பில் நோய். அதற்கு விடையாக வந்தது காவிரித் தண்ணீரை ஊர் ஊராகக் கொண்டுபோன ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். பொதுவான துன்பத்துக்குப் பொதுவான மருந்து.

சரி, நாம் என்ன செய்யலாம்? மிஷின் வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் குடிநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். கடினத்தன்மை, டிடிஎஸ் மட்டும் பார்க்காமல் ஈ.கோலை கிருமி, நைட்ரேட், ஃபுளூரைடு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. உப்பு வரம்புக்குள் இருந்தால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரே போதும், அல்லது யுவி வகை மிஷின் போதும். மெட்ரோ வாட்டருக்கும் போருக்கும் தனித்தனித் தொட்டி வைக்க அசோசியேஷன் கூட்டத்தில் பேசுங்கள். சம்ப்பை ஒழுங்காகக் கழுவுங்கள். குழாயில் நாற்றமோ கலங்கலோ தெரிந்தால் அன்றே 1916க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள்.

கடைசியாக, மழைநீர். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பல இடங்களில் மேலே டைல்ஸ் போட்டு பைக் நிற்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் சுமார் 1.3 லட்சம் லிட்டர் விழுகிறது. கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாத தண்ணீர் அது. கிணற்றிலும் நிலத்திலும் இறங்க விட்டால் உப்பின் அளவு மெல்லக் குறையும். பில்டரை மாற்றச் சொல்லி வருடாவருடம் யாரும் போன் செய்யமாட்டார்கள். ஐப்பசி மழைக்குமுன் தூர்வாரினால் போதும்.

உங்கள் பகுதியில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தவர்கள் முடிவைக் கீழே எழுதுங்கள். புகார் கொடுத்துச் சரியானால் அதையும் எழுதுங்கள், மற்றவர்களுக்குத் தைரியம் வரும். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் இங்கேயாவது கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்