வேருக்கு நீர்

1895இல் ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவலை ஆக்கிய சரவணமுத்துப்பிள்ளையைத் தந்த திருகோணமலை, இன்று கிழக்கு மாகாணத்தின் தலைநகர். 1987ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பண்பாட்டுப் பணியும் மாகாணத்தின் கடமைகளுள் ஒன்று. அக்கடமை விழாவோடும் பொன்னாடையோடும் நின்றுவிடலாகாது.

விழா ஓரிரவில் முடியும். அண்ணாவியார் இளைஞருக்குக் கூத்துப் பழக்க மாதங்கள் பல வேண்டும். அம்மாதங்களுக்கே மானியம் தேவை என்பேன். பரிசு, பழுத்த மரத்துக்கு இடும் மாலை. மானியம், வேருக்கு வார்க்கும் நீர்.

எவருக்கு ஈவது என்பதை அதிகாரிகள் மட்டும் முடிவு செய்தல் தகாது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கியபோது நாட்டுக்கூத்து புத்துயிர் பெற்றது. அரசின் பொருளும் கலையறிந்தவர் கண்ணும் கூடியதன் பயன் அது. இங்கும் அத்தகைய குழு அமைக. கொடுத்த கணக்கும் ஊரறிய வெளிவருக.