பெயர் சொல்லி நன்றி கூறுவோம்



முதியோர் இல்லம் ஒன்றிற்கு நீங்கள் என்றாவது சென்றிருப்பீர்கள். வாசலில் கட்டடத்தைத் திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல் இருக்கும். உள்ளே சென்றால் சுவர்க் கடிகாரத்திலும், மின்விசிறியிலும், நாற்காலியின் முதுகிலும் அவற்றை அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். யாருடைய நினைவாக அவை வழங்கப்பட்டன என்ற விபரமும் அருகே காணப்படும். அதில் தவறேதுமில்லை. கொடுத்தவர்களை நினைவுகூர்வது நன்றே. ஆயினும் அந்த நாற்காலியில் நாள்தோறும் ஒரு மூதாட்டியைத் தூக்கி அமர்த்துகின்ற பெண்ணின் பெயர் அந்த வளவில் எங்கேனும் எழுதப்பட்டிருக்கின்றதா?

அவள் செய்யும் பணி எத்தகையது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். எழுந்திருக்க இயலாதவருக்குப் படுக்கைப் புண் உண்டாகாதிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலுங்கூட, அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சியை ஊட்டி முடிக்க நெடுநேரம் செல்லும், அவசரப்பட்டால் புரையேறிவிடும். மறதிநோயுற்றவர் தம் மகன் வந்துவிட்டானா என்று ஒரே காலைப்பொழுதில் இருபது தடவைகள் கேட்பார். இருபதாவது தடவையும் முதற்றடவை போன்றே முகஞ்சுளிக்காது மறுமொழி கூற வேண்டும். அழுக்கான படுக்கை விரிப்பை மாற்றிய கையோடு, ஏச்சையும் கேட்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் வந்து சேருமுன் ஒருவருடைய இறுதி மூச்சு அடங்கும் வேளையில், அருகிலிருந்து கையைப் பிடித்துச் செபத்தைத் தொடங்குபவரும் பெரும்பாலும் அவரே.

இவர்களோடு ஊதியமின்றி வந்து பணிபுரியும் தொண்டர்களும் உளர். ஞாயிறு திருப்பலியின் பின் நற்கருணையை எடுத்துச் செல்வோர், முதியவர்களின் நகம் வெட்டித் தலைவாரி விடுவோர், பார்வை மங்கியவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவோர், மரியாயின் சேனையினர், வின்சென்ட் டி போல் சபையினர், பாடசாலை மாணவர் எனப் பலர். மழையென்றும் பாராது ஆண்டுக்கணக்காக வருகின்றவர்கள் நம் பங்குகளிலேயே இருக்கின்றனர்.

இவர்களின் தேவை நம் நாட்டில் பெருகி வருகின்றது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதை எட்டியவர்களாய் இருந்தனர். அதன் பின்னர் அவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. நம் தமிழ்க் குடும்பங்களிலோ இன்னுமொரு காரணம் உண்டு. 1983இன் பின்னர் போரும் இடப்பெயர்வும் பிள்ளைகளைக் கனடாவுக்கும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றன. பெற்றோர் இங்கே தனித்தனர். அண்டை அயலாரும் உறவினரும் இருக்கும்வரை சமாளித்தவர்கள், உடல் தளர்ந்தபோது இல்லங்களை நாடினர். பலருக்கு அது கைவிடப்பட்டதன் விளைவன்று. வேறு வழியின்மையின் விளைவே.

ஆயினும் நம் உள்ளத்தில் ஒரு கூச்சம் இருக்கின்றது. தாயை இல்லத்தில் விட்டிருக்கின்றோம் என்பதை உறவினர் அறியாதவாறு மறைக்கின்றோம். அந்தக் கூச்சமே நம் வாயையும் அடைத்துவிடுகின்றது. பராமரிப்பவரைப் பார்த்து உளமார நன்றி கூறினால், நாம் செய்ய வேண்டியதை வேறொருவர் செய்கின்றார் என ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? எனவே மாதப் பணத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றோம். சிலவேளைகளில் இன்னும் ஒருபடி மேலே சென்று, வரும்போதெல்லாம் குறை கண்டுபிடித்து, நம் குற்றவுணர்வை அவர்கள் தலைமேல் சுமத்துகின்றோம்.

நல்ல சமாரியரின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அதில் நாம் கவனிக்காது விடும் ஒருவர் இருக்கின்றார். அவர் சாவடிப் பொறுப்பாளர். சமாரியர் ஒரே இரவு தங்கியிருந்து மறுநாள் பயணத்தைத் தொடர்ந்தார். அடிபட்டவரை அதன் பின்னர் பராமரித்தவர் அந்தச் சாவடிப் பொறுப்பாளரே. சமாரியர் அவரிடம் இரு தெனாரியங்களைக் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தார் (லூக்கா 10:35). பொறுப்பை ஒப்படைத்ததற்காக ஆண்டவர் அவரைக் குறைகூறவில்லை. மாறாக, பராமரிப்பவருக்கு உரியதைக் கொடுப்பதையும் திரும்பி வருவதையும் இரக்கத்தின் பகுதியாகவே காட்டினார். இரு தெனாரியத்தை நாமும் கொடுக்கின்றோம். திரும்பி வருகின்றோமா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். 'அவர்கள் இறைவனுக்காகப் பணிபுரிகின்றனர். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றுதானே ஆண்டவர் போதித்தார். பாராட்டினால் அவர்களது விண்ணகக் கைம்மாறு குறைந்துவிடாதா?' எனப் பக்தியுள்ளவர்களே கேட்பதுண்டு. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைக் கவனமாக வாசியுங்கள். தம்பட்டம் அடிக்க வேண்டாம் என்ற கட்டளை அறம் செய்பவருக்கே கொடுக்கப்பட்டது. அறத்தைப் பெற்றுக்கொண்டவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று அங்கே எதுவும் சொல்லப்படவில்லை. மறைவாய்ப் பணிபுரிதல் அவர்களுடைய புண்ணியம். அதைக் காட்டி நன்றியை மறப்பது நம்முடைய குறை.

பவுலடியார் இதை நன்கு உணர்ந்திருந்தார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தை நாம் பெயர்ப்பட்டியல் என எண்ணிக் கடந்து சென்றுவிடுகின்றோம். அங்கே அவர் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகின்றார். கெங்கிரேயா சபையின் தொண்டரான பெபேயியை முதலில் குறிப்பிட்டு, அவர் தமக்கும் பலருக்கும் உதவியவர் என்கின்றார். மரியா, திரிபேனா, திரிபோசா ஆகியோரின் உழைப்பைக் குறிப்பிடுகின்றார். ரூபுவின் தாயை வாழ்த்தும்போது, அவர் தமக்கும் தாயாக இருந்தவர் என்கின்றார். யார், என்ன செய்தார் என்று சொல்லி வாழ்த்துவதே பாராட்டு. இன்றும் திருச்சபை அப்பெயர்களை வாசித்து வருகின்றது.

முதியோர் பணிக்கே தம்மை அர்ப்பணித்த புனித ஜான் ஜுகனின் வாழ்வும் இதையே கற்பிக்கின்றது. 1792இல் பிரான்சின் கான்கால் என்ற கடற்கரை ஊரில் பிறந்த இவர், இளமையிலே தந்தையைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். வீட்டு வேலைக்காரியாக உழைத்தவர். 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வையிழந்து பாரிசவாதத்தால் தளர்ந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணில் படுத்துக்கொண்டார். அவ்வாறு பிறந்ததே 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. கொழும்பில் முதியோர் இல்லத்தை நடத்தி வருபவர்கள் இவர்களே.

1845இல் பிரெஞ்சு அக்கடமி, நற்செயலுக்கான மொந்தியோன் பரிசை அந்த ஏழைப் பணிப்பெண்ணுக்கு வழங்கியது. அத்தொகை முதியவர்களின் பராமரிப்புக்கே சென்றது. உலகம் அவரைப் பாராட்டிற்று. அவர் தொடங்கிய சபையிலோ அவருக்குரிய இடம் கிடைக்கவில்லை. தலைமைப் பொறுப்பு முன்னரே பறிக்கப்பட்டிருந்தது. 1852 முதல் 1879இல் இறக்கும்வரை, 27 ஆண்டுகள், ஒதுங்கிய வாழ்வே அவருக்கு விதிக்கப்பட்டது. தம்மோடு வாழும் இந்த முதிய சகோதரியே சபையை நிறுவியவர் என்பது இளம் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் முறையிடவில்லை. அவருடைய மௌனம் புண்ணியம். அவரை மறந்தது புண்ணியமன்று. பின்னர் உண்மை வெளிவந்தது. 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனிதராகவும் அறிவித்தனர். ஒருவரைப் புனிதராக அறிவிப்பதுகூட, அவர் மறைவாய்ச் செய்ததை வெளிப்படையாகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வதன்றி வேறென்ன?

எனவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று வருகின்றது. அன்று முதியவர்களைக் கௌரவிக்கும் பங்குகள், அவர்களைப் பராமரிப்போரையும் பீடத்தின் முன் அழைத்துப் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கலாம். யாரைக் கௌரவிப்பது என்பதை நிர்வாகத்தினரோ நன்கொடையாளரோ மட்டும் தீர்மானிக்க வேண்டாம்; இல்லத்திலுள்ள முதியவர்களையே கேளுங்கள். இரவில் அழைத்தவுடன் எழுந்து வருபவர் யார் என்பது அவர்களுக்கே தெரியும். அவ்வேளை சமையற்காரரையும், துணி துவைப்பவரையும், இரவுக் காவலாளியையும் மறவாதீர்கள்.

பொன்னாடை மட்டும் போர்த்திவிட்டுக் கூலியைக் குறைப்பது பாராட்டாகாது. வேலையாட்களின் நிறுத்தி வைக்கப்பட்ட கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுவதாக யாக்கோபு எச்சரிக்கின்றார் (5:4). நியாயமான ஊதியம், சட்டப்படி உரித்தான சேமலாப நிதி, வாரத்தில் ஓய்வு ஆகியவை கிடைக்கின்றனவா என இல்லங்களுக்கு உதவுவோர் கேட்க வேண்டும். ஓய்வு கொடுக்க ஆளில்லையெனில், ஒரு பிற்பகலாவது நாமே சென்று அவருடைய இடத்தில் நிற்கலாம்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளே, அடுத்தமுறை தொலைபேசியில் அழைக்கும்போது, அம்மாவுடன் கதைத்து முடிந்ததும் அவரைப் பராமரிக்கும் சகோதரியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவருடைய பெயரைக் கேட்டறியுங்கள். அந்தப் பெயரை உங்கள் குடும்பச் செபத்திலும் சொல்லுங்கள். நம் பெற்றோரின் கண்களைக் கடைசியாக மூடப்போகும் கை அவருடையதாக இருக்கலாம்.

முதியோரில் தம்மையே காணச் சொன்ன ஆண்டவர், அவர்களைத் தாங்கும் கரங்களைப் பலப்படுத்துவாராக! நமக்கும் நன்றி மறவாத நெஞ்சத்தைத் தந்தருள்வாராக! ஆமென்.