அமெரிக்க நகரங்களின் பஸ், ரயில்: முதலிடம் யாருக்கு?

அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் ரேங்க் பார்ப்பார்கள், பேராசிரியர்களின் பெயர் பார்ப்பார்கள், உதவித்தொகை கிடைக்குமா என்று பார்ப்பார்கள். அந்த ஊரில் பஸ் ஓடுகிறதா என்று பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. போய் இறங்கிய முதல் வாரம், அரிசி வாங்கக் கடைக்குக் கிளம்பும்போதுதான் விஷயம் புரியும். கார் இல்லாதவர் அரை மனிதர் என்பது அந்நாட்டின் பல ஊர்களில் எழுதப்படாத சட்டம்.

பொதுப் போக்குவரத்தில் எந்த நகரம் சிறந்தது என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணுவது தண்டவாளம் எத்தனை மைல், நிலையங்கள் எத்தனை என்பதைத்தான். இது ஏமாற்றுக் கணக்கு. நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கிற ஆளுக்குத் தண்டவாளத்தின் நீளம் எதற்கு? அடுத்த வண்டி எப்போது வரும், ராத்திரி வேலை முடிந்தால் வீடு திரும்ப முடியுமா, ஞாயிற்றுக்கிழமை ஓடுமா... அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

டல்லாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் தொடங்கிய அதன் லைட் ரெயில் 93 மைல் வரை வளர்ந்தது. நாட்டிலேயே நீளமான லைட் ரெயில் என்ற பெயரும் பல வருடங்கள் அதற்கு இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் பிரமாதம்! ஆனால் கணிசமான பகுதி பழைய ரயில் தடங்களின் வழியாகவே போடப்பட்டது. பல நிலையங்களில் இறங்கினால் எதிரே இருப்பது கார் நிறுத்தும் மைதானம்தான். பாஸ்டனின் பச்சைப் பாதையோ 30 மைல்கூட இல்லை. அதன் ஒரு பகுதி 1897-ல் திறந்த, அமெரிக்காவின் முதல் சுரங்கப்பாதையில் இன்றும் ஓடுகிறது. அப்படியிருந்தும் டல்லாஸின் மொத்த லைட் ரெயிலைவிட அதிகம் பேர் இந்த ஒரே பாதையில் ஏறுகிறார்கள். வீடு, கடை, கல்லூரி எல்லாம் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருப்பதுதான் காரணம்.

முதலிடம் நியூயார்க்குக்கு. இதில் சண்டைக்கு இடமில்லை. 1904-ல் தொடங்கியது, 472 நிலையங்கள். அதைவிட முக்கியம், ராத்திரி முழுக்க ஓடுகிறது (கொரோனா காலத்தில், 2020 மே முதல் ஓராண்டு, நள்ளிரவுக்குப் பின் நிறுத்தியது விதிவிலக்கு). அழுக்கு உண்டு, எலி உண்டு. பாதிக்கும் மேற்பட்ட நிலையங்களில் லிப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வருகிறவரைக் கேட்டால் முதலிடம் தருவாரா என்பது சந்தேகம்தான்.

இரண்டாம் இடத்தைப் பலரும் வாஷிங்டனுக்குத் தருவார்கள். 1976-ல் திறந்த மெட்ரோ, வளைந்த கான்கிரீட் கூரைகள், பார்க்கவே அழகு. 2022-ல் டல்லஸ் விமான நிலையம் வரை நீட்டியும் விட்டார்கள் (டல்லாஸ் வேறு, டல்லஸ் வேறு!). ஆனால் ராத்திரியில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். சிகாகோவில் சிவப்பு, நீலப் பாதைகள் 24 மணி நேரமும் ஓடுகின்றன. நீலப் பாதை ஓஹேர் விமான நிலையத்துக்கே போகிறது. அங்கே விடியற்காலை மூன்று மணிக்குத் தரை துடைக்கிறவருக்கு அழகான கூரை என்ன செய்யும்? எனவே சிகாகோ இரண்டு, வாஷிங்டன் மூன்று.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வண்டிகளுக்குக் குறைவில்லை. நடத்துகிற அமைப்புகள்தான் இரண்டு டஜனுக்கு மேல்! லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் கார் நகரம் என்று சிரிப்பார்கள். ஆனால் பஸ்ஸில் போகிறவர்களின் எண்ணிக்கையில் அது நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

நல்ல பாடம் ஹூஸ்டனில் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் பஸ் தடங்களை அடியோடு மாற்றினார்கள். புதுத் தண்டவாளம் எதுவும் போடவில்லை. எங்கெங்கோ சுற்றிய தடங்களை நேராக்கி, முக்கியத் தடங்களில் வாரம் ஏழு நாளும் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டார்கள். வார இறுதிக் கூட்டம் உடனே கூடியது. இதில் சிலருடைய வீட்டுப் பக்கத்து நிறுத்தம் தள்ளிப் போனது உண்மை. வயதானவர்களுக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் டல்லாஸுக்கு ஒரு படி மேலே ஹூஸ்டனை வைக்கலாம்.

கடைசி இடம், டல்லாஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆர்லிங்டனுக்கு. கிட்டத்தட்ட 4 லட்சம் மக்கள். இந்திய மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிற பல்கலைக்கழகமும் அங்கே உண்டு. பொதுப் போக்குவரத்துக்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என்று 2002-ல் கேட்டபோது வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். கால்பந்து ஸ்டேடியம் கட்ட அதே விற்பனை வரியை உயர்த்த 2004-ல் கேட்டார்கள், சரி என்றார்கள். 80 ஆயிரம் பேர் உட்காரும் அந்த ஸ்டேடியம் 2009-ல் திறந்தது. 2013-ல் ஒரே ஒரு பஸ் தடம் வந்தது, 2017-ல் அதுவும் நின்றது. அதற்குப் பதில் வந்தது செல்போனில் கூப்பிட்டால் வருகிற சின்ன வேன். அது எத்தனை நிமிடத்தில் வரும் என்பது, அதே நேரத்தில் வேறு எத்தனை பேர் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.